செட்டிநாட்டு வீட்டு ரெவிட் மாடல்: எனர்ஜி சாஃப்ட்வேருக்கு எக்ஸ்போர்ட் பண்றதா, புதுசா வரையறதா?

முகப்பு_ஆர்க்:
காரைக்குடி பக்கத்துல ஒரு பழைய நகரத்தார் வீட்டை ஹோட்டலா மாத்துற வேலை போயிட்டிருக்கு. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுத்தின கூடம்), ரெண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் அளந்து ரெவிட்ல (கட்டடத்தை 3டி மாடலா வரையற சாஃப்ட்வேர்) வரைஞ்சாச்சு, எந்த ரூமுக்கு ஏசி போடணும் எது முற்றத்துக் காத்துலயே தாங்கும்னு எனர்ஜிப்ளஸ்ல (கட்டடத்தோட சூடு, ஏசி கணக்குப் போடற சாஃப்ட்வேர்) பாத்துட்டுத்தான் ஓனர்கிட்ட பேசணும். ஆபீஸ்ல ஒரு கோஷ்டி ஜிபிஎக்ஸ்எம்எல் ஃபைலா (மாடலை எனர்ஜி சாஃப்ட்வேருக்குக் கடத்துற ஃபைல் வகை) எடுத்து டிசைன்பில்டர்ல (எனர்ஜிப்ளஸுக்கு மாடல் வரையற சாஃப்ட்வேர்) ஏத்துங்கறாங்க, இன்னொரு கோஷ்டி அதெல்லாம் வேணாம் அங்கேயே புதுசா வரைங்கறாங்க. நான் எக்ஸ்போர்ட் பக்கம். வரைஞ்சதையே எதுக்கு மறுபடி வரையணும்? நாளைக்கு பிளான் மாறினா ரெண்டு மாடலையும் திருத்தணும்.

சுத்துக்கட்டு:
தம்பி, புதுசாவே வரைங்க. அந்த ஃபைல்ல சுவருக்குத் தடிமனே கிடையாது, தகடு மாதிரி ஒரு சர்ஃபேஸ்தான், தடிமன் எல்லாம் மெட்டீரியல் விவரத்துல போயிடும். ஃபிளாட்டோட 9 இஞ்ச் சுவருக்கு அது பெருசா தெரியாது. நம்ம பக்கத்து வீட்ல உள் அளவு 10க்கு 10 அடி ரூம், சுத்தி 2 அடி சுவர்னு வெச்சுக்குங்க, சர்ஃபேஸ் சுவரோட நடுக்கோட்டுல விழுந்தா ரூம் 12க்கு 12. நூறு சதுரடி 144 ஆயிடுச்சு. லைட்டு, ஆளுன்னு சதுரடிக்கு இவ்வளவுன்னு குடுக்கிற சூட்டு லோடு மொத்தமும் 44 சதவீதம் கூடும், அதை வெச்சு ஏசி டன் கணக்கு போட்டா ஓனர் காசுதான் போகும்.

முகப்பு_ஆர்க்:
அண்ணே, கணக்கு சரி. ஆனா எனர்ஜிப்ளஸ்ல ஜோனுக்கு (ஒரே டெம்பரேச்சர்னு கணக்குல எடுத்துக்கிற இடம்) ஃப்ளோர் ஏரியாவும் வால்யூமும் கையால குடுக்க இடம் இருக்கே, ரெவிட் ரூம் ஷெட்யூல் அட்டவணைல இருக்கிற உள் அளவை எடுத்துப் போட்டா தீந்துச்சு. எக்ஸ்போர்ட் குப்பையா வருதுன்னு சொல்றவங்க பாதிப் பேரு எடுக்கறதுக்கு முன்னாடி மாடலைச் சுத்தம் பண்றதே இல்ல. வளவுல வரிசையா நிக்கிற தேக்குத் தூண் ஒவ்வொண்ணுலயும் அதை ரூம் எல்லையா எடுத்துக்கச் சொல்ற ரூம் பவுண்டிங் டிக்கை எடுத்துவிடணும், இல்லன்னா தூணைச் சுத்தி பொடிப்பொடியா சர்ஃபேஸ் வந்து குவியும். வால்யூம் கணக்கை ஆன் பண்ணி, ரூமோட மேல் எல்லையை ஓட்டுக்கூரைக்கு மேல வரைக்கும் இழுத்துவிடணும், அப்பதான் சரிவுக் கூரை வரைக்கும் அளவு சரியா வரும்.

சுத்துக்கட்டு:
ஃப்ளோர் ஏரியாவை மாத்திட்டீங்க சரி, சுவர் ஏரியா? அது 12 அடி நீளத்துலயே நிக்குமே. அதுகூட பரவால்ல. முற்றத்தை என்ன பண்ணீங்க? அங்க ரெவிட்ல ஒரு ரூம்னு குறிச்சீங்கன்னா ஃபைல்ல மேல ஒரு கூரை வந்து மூடிக்கும். வெக்கலன்னா தாழ்வாரத்துக்கும் முற்றத்துக்கும் நடுவுல போட்ட ரூம் செப்பரேஷன் லைன் (சுவர் இல்லாத இடத்துல ரூமைப் பிரிக்கிற கோடு) அந்தரத்துல நிக்கும், ஃபைலை ஏத்துக்கிற சாஃப்ட்வேர் அதைச் சுவர்னு எடுக்குமா ஓட்டைன்னு எடுக்குமான்னு திறந்து பாத்தாதான் தெரியும். இன்னொண்ணு, முற்றத்தைச் சுத்தி வர்ற தாழ்வாரம் ஒரே ஜோனா இருந்தா நடுவுல ஓட்டை விழுந்த வடிவம். உள்ள விழற வெயிலை சர்ஃபேஸ் சர்ஃபேஸா பிரிச்சுக் கணக்குப் போடற ஆப்ஷனுக்கு எனர்ஜிப்ளஸ் குழிவில்லாத ஜோன் கேக்கும், இது அதுக்கு ஒத்துவராது. நான் தாழ்வாரத்தை ஜோனாவே எடுக்க மாட்டேன். அது வெளி. கூரையை நிழல் குடுக்கிற ஷேடிங்கா மட்டும் வெச்சுட்டு, பின்னாடி இருக்கிற ரூம்களை மட்டும் ஜோனா வரைவேன்.

பள்ளத்தூர்_எச்விஏசி:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். அண்ணன் சொல்றபடி தாழ்வாரத்தை வெறும் வெளியா எடுத்தா அந்த வீட்டோட உசுரே கணக்குல வராது. மத்தியானம் ரோட்டுல நிக்கிற சூடும் வளவுக்குள்ள நிக்கிற சூடும் ஒண்ணுன்னு யாராவது சொல்ல முடியுமா? ஆனா சாஃப்ட்வேர் அந்த ரூம் சுவருக்கு திருச்சி வெதர் ஃபைல்ல இருக்கிற வெளி டெம்பரேச்சரை அப்படியே குடுக்கும். சரின்னு முற்றத்தையும் ஜோனாக்கி மேல கண்ணாடி மாதிரி ஒண்ணு வெச்சா, ராத்திரி முற்றத்துத் தரை வானத்தைப் பாத்து விடற சூட்டை அந்தக் கண்ணாடி தடுத்துரும். அந்த ராத்திரிக் குளிர்ச்சிக்காகத்தானே முற்றமே.

முகப்பு_ஆர்க்:
அப்ப ரெண்டு பக்கமும் இடிக்குதே மேடம், வழி என்ன?

பள்ளத்தூர்_எச்விஏசி:
எனர்ஜிப்ளஸ்ல ஒரு குறிப்பிட்ட சர்ஃபேஸுக்கு மட்டும் தனியா வெளிக்காத்து டெம்பரேச்சரை ஷெட்யூலா (நேரவாரி அட்டவணையா) குடுக்கலாம், லோக்கல் என்விரான்மென்ட்னு ஒரு ஆப்ஜெக்ட் இருக்கு. முற்றத்துல நிழல்ல ஒரு டேட்டா லாகர் (டெம்பரேச்சரைத் தானா பதிவு பண்ற கருவி) தொங்கவிட்டு அளங்க, அந்த டேட்டாவை முற்றத்தைப் பாத்த சுவருக்கு மட்டும் போடுங்க. சித்திரைல அளந்ததை மார்கழிக்குப் போடாதீங்க, ரெண்டு பருவமும் வேணும். அப்புறம் ரெவிட்ல அந்தச் சுண்ணாம்புச் சுவருக்கு தெர்மல் விவரம் நிரப்பினீங்களா? வெறுமையா விட்டா நீங்க வரைஞ்ச சுவர் போகாது, ஏதோ ஒரு டீஃபால்ட் சுவர்தான் போகும். எக்ஸ்போர்ட்டோ புது வரைபடமோ, இதைப் பாக்காம ரன் பண்ணா ரெண்டும் வீண்.

சுத்துக்கட்டு:
மேடம் சொன்ன வழி நல்ல வழி, நான் ஏத்துக்கறேன். ஆனா அதுவே என் கட்சிக்குத்தான் பலம். எந்தச் சர்ஃபேஸுக்கு லாகர் டேட்டான்னு பேரைச் சொல்லிக் கட்டணும். நான் வரைஞ்சா "வளவு வடக்குச் சுவர்"னு நானே பேர் வெப்பேன். எக்ஸ்போர்ட்ல ஏதோ நம்பர்தான் பேரு, பிளான் மாறி மறுபடி எடுத்தா அந்த நம்பர் அதே சுவருக்கு வரும்னு நம்ப முடியாது. தம்பி முதல்ல சொன்ன லாபமே அந்த மறு எக்ஸ்போர்ட்தானே?

முகப்பு_ஆர்க்:
பேரை நம்ப வேணாம்ணே, சுவர் எந்த ஜோன்ல இருக்கு எந்தத் திசையைப் பாக்குதுன்னு வெச்சு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினா தானா கட்டிக்கும். ரூம் பேரு நான் குடுத்தது, அது மாறாது. இந்த வீட்ல பிளான் மாறாம இருக்கப் போறதில்ல, பாத்ரூம் எங்க நுழைக்கிறதுன்னே இன்னும் முடிவாகல.

சுத்துக்கட்டு:
ஒரே ரூமுக்குள்ள வடக்குப் பாத்த சுவர் ரெண்டு துண்டா வந்து, ஒண்ணு முற்றத்துப் பக்கமும் இன்னொண்ணு சந்துப் பக்கமும் பாத்தா உங்க ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? ரன் பண்றதை விடுங்க. முதல்ல வளவை ஒட்டின ஒரே ஒரு ரூமை எடுத்து ஃப்ளோர் ஏரியா, வால்யூம், முற்றத்தைப் பாத்த சுவர் ஏரியா மூணையும் எக்ஸ்போர்ட்லேருந்து இங்க போடுங்க. நான் உங்க பிளானை வெச்சு கையால வரைஞ்சு என்னோடதைப் போடறேன்.

முகப்பு_ஆர்க்:
சரிண்ணே, பிளானை பிடிஎஃப்பா அனுப்பறேன். மூலை ரூமையே எடுப்போம், நீங்க சொன்ன முற்றம், சந்து ரெண்டும் அதுலதான் இருக்கு.