கொரோனா டைம் பாக்கிக்கு என்சிஎல்டி (கம்பெனி திவால் கேஸ் பாக்குற தீர்ப்பாயம்) போகலாமா?

கேள்வி: நூல் சப்ளை பண்ண வகையில ஒரு மில்லு 1.2 கோடி தரணும், டியூ டேட் 2020 ஜூன், இன்னும் இழுத்தடிக்கிறாங்க, ஐபிசி-ல (திவால் சட்டம்) மனு போடலாமா?

பதில் 1: முடியாதுங்க. செக்‌ஷன் 10ஏ பாருங்க, 2020 மார்ச் 25லேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள வந்த டீஃபால்ட்டுக்கு (பணம் கட்டத் தவறினதுக்கு) எப்பவுமே மனு போட முடியாது, தள்ளிவைக்கல, மொத்தமா அடைச்சுட்டாங்க. கடன்பட்ட கம்பெனியே தானா திவால் மனுவோட போய் நிக்கவும் வழியில்ல, அதுதான் கூத்து.

பதில் 2: கடன் தள்ளுபடி ஆகல, சிவில் சூட் போட வழி இருந்துச்சு. லிமிடேஷன் (கேஸ் போடுற கெடு) 3 வருஷம், 2022 பிப்ரவரி 28 வரைக்குமான காலத்த சுப்ரீம் கோர்ட் அந்தக் கணக்குலேர்ந்து கழிச்சுடுச்சு, அதனால 2025 பிப்ரவரி 28 வரைக்கும் கெடு இருந்துச்சு.

கேட்டவர்: 2020 மார்ச் 10ல டியூ ஆன 40 லட்சம் பில்லும் தனியா இருக்கே?

பதில் 1: அதுக்கு 10ஏ தடையில்ல, ஆனா 2020 மார்ச் 24லயே மனு போட தேவையான குறைஞ்சபட்ச பாக்கி வரம்ப 1 லட்சத்துலேர்ந்து 1 கோடியா ஏத்திட்டாங்களே, 40 லட்சம் அதுக்குக் கீழதான்.