புதுப்பிப்பு: மாலை நடையும் பஜ்ஜிக் கடையும்

எனக்குச் சர்க்கரை நோய். மாலையில் நடந்து முடித்ததும் அகோரப் பசி எடுக்கிறது, பஜ்ஜிக் கடையைத் தாண்ட முடியவில்லை, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போதைய நிலவரம் இது.

அது வெறும் ஆசை இல்லை. நடந்து முடித்த கையோடு குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். 70-க்குக் (mg/dL) கீழே இருந்தது. நான் எடுப்பது கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். நடக்கும்போது தசைகளும் தம் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் கை நடுக்கம், வியர்வை, பசி. (மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையை மட்டும் எடுப்பவர்களுக்கு இது அபூர்வம்.) மாத்திரை அளவை மருத்துவர் குறைத்துவிட்டார். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது கிளம்பும் முன்பே பார்த்துவிடுகிறேன். 90-க்குக் கீழே என்றால் சின்ன வாழைப்பழம் ஒன்று சாப்பிட்ட பிறகுதான் நடை. பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடி. 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பஜ்ஜியோ மைசூர்பாகோ அந்த நேரத்துக்கு உதவாது. எண்ணெயும் நெய்யும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

அந்த வெறிப்பசி போனபின் கடையைத் தாண்டுவது எளிதாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் சுண்டல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வாழைக்காய் பஜ்ஜி, அதை விடுவதாக இல்லை.

இன்சுலின் போடுபவர்கள் படுக்கும் முன்னும் ஒருமுறை பாருங்கள். உடற்பயிற்சியின் தாக்கம் பல மணி நேரம் நீளும்.