பாராமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய பெயர்) காட்டு ஈச்சை: பழைய உலர்தாவரத் தாள்களைப் பார்த்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். அஞ்செட்டிப் பக்கத்து மலைச்சரிவில் இடுப்பளவே வளர்ந்து நிற்கும் ஈச்சம் புதர்களை இரண்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஊரில் எல்லாவற்றையும் ஈஞ்சு என்றே சொல்கிறார்கள். இது சிற்றீச்சைதானா, வேறு இனமா என்று உறுதிசெய்ய ஆங்கிலேயர் காலத்து உலர்தாவரத் தாள்களை, அதாவது செடிகளை உலர்த்தி ஒட்டிவைத்த தாள்களைத் தேடியபோதுதான் அவற்றைச் சேகரித்தவர்கள் பட்ட பாடு புரிந்தது.

ஒரு முழு ஓலை உலர்தாவரத் தாளைவிடப் பல மடங்கு நீளம் என்பதால், ஒரு துண்டை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டு, மரத்தின் உயரம், தூரின் பருமன், கீற்றுகள் அமைந்த விதம் ஆகியவற்றைக் கையால் குறித்துவைக்க வேண்டியிருந்தது. குறிக்காமல் விட்ட தாள்களைக் கொண்டு இன்று இனத்தை உறுதிசெய்வது மிகக் கடினம். ஈச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழக்காலத்தில் போனவருக்கு ஆண் பூ கிடைத்திராது. 1788இல் தாவரவியலாளர் கெர்ட்னர் பெயரிட்ட சிற்றீச்சைக்கே 1796இல் இன்னொரு தாவரவியலாளரான ராக்ஸ்பர்க் வேறு பெயர் சூட்டியது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே, கோயம்புத்தூர் உலர்தாவரத் தொகுப்பில் ‘சேலம்’ அல்லது ‘பாராமகால்’ என்று குறித்த ஈச்சைத் தாள்களைப் பார்த்தவர்கள், அவற்றின் குறிப்புச்சீட்டில் உள்ள இடம், மாதம், உயரம் ஆகிய விவரங்களைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். சித்தேரி, மேலகிரிப் பக்கத்து நண்பர்கள் ஆண் பூங்கொத்தின் படத்தையும், பெரியவர்கள் அதற்கு வழங்கும் பெயரையும் அனுப்ப இயலுமா?