மெத்தையைக் குறிவைக்கும் நாய்க்குட்டி: யோசனை சொல்லுங்கள்

எங்கள் ராஜபாளையம் குட்டி மொட்டை மாடியில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் அடக்கிக்கொண்டு வந்து, இலவம்பஞ்சு மெத்தையில்தான் ஒன்றுக்குப் போகிறான். வினிகர் தெளித்து வெயிலில் காயவைத்தோம். நமக்கு வாசம் தெரியவில்லை, அவனுக்குத் தெரிகிறது போல. மறுபடி அதே மூலை. சிறுநீர் வாசத்தை நொதிகளால் சிதைக்கும் என்சைம் கிளீனர் வாங்கலாமா? பஞ்சு கட்டிதட்டிப் போகாதா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

அப்பா வைத்த பெயர் வோய்டெக். இரண்டாம் உலகப் போரில் போலந்துப் படையினர் வளர்த்த கரடியின் பெயர் அது. பீர் குடிக்கும், சிகரெட்டைத் தின்னும். 1944-இல் இத்தாலி போகும் கப்பலில் விலங்குகளை ஏற்ற அனுமதியில்லை என்றதும், கரடியைச் சிப்பாயாகவே பட்டியலில் சேர்த்துக் கூட்டிப்போய்விட்டார்கள்! அங்கே நடந்த மோன்தே கசினோ சண்டையில் குண்டுப்பெட்டி சுமந்ததாகவும் சொல்வார்கள். நம்மவன் சுமப்பது செருப்பு மட்டும்தான், அதுவும் பக்கத்து வீட்டுச் செருப்பு.

அப்புறம், மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது. சிறுநீர்த் தொற்று எதுவும் இல்லையாம்.