சாஹாவை 'அது' என்பதா, 'அவள்' என்பதா?

பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத் 1933இல் வெளியிட்ட 'லா ஷாத்' என்ற குறுநாவலை நான் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் வாசித்தேன். அதில் வரும் சாஹா ஒரு பெண் பூனை என்பது மூலத்தில் தலைப்பிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பால் வேறுபாடு காணாமல் போகிறது, தமிழில் வெறுமனே 'பூனை' என்றாலும் அதே கதிதான். ஆனால் கதையோ அப்பட்டமான சக்களத்திச் சண்டை.

பாரிஸை ஒட்டிய நெய்யியில், தோட்டம் சூழ்ந்த பழைய வீட்டில் வளர்ந்த அலேனுக்கு 24 வயது. அவன் மணக்கும் காமீய்க்கு 19. மணமான பின் இருவரும் ஒன்பதாம் மாடியில், பாலாடைக்கட்டியை ஆப்பாக வெட்டியதுபோல் ஒடுங்கிய குடியிருப்புக்குப் போகிறார்கள். பிரிவால் மெலிந்துபோன சாம்பல் நிறப் பூனை சாஹாவையும் அலேன் அங்கே கொண்டுவந்துவிடுகிறான். இரவில் மனைவியின் உடலை விரும்புகிறவன், பகலில் அதே உடலின் கூச்சமின்மையைக் கண்டு முகம் சுளிக்கிறான். அவனுடைய கனிவெல்லாம் பூனைக்குத்தான். படுக்கையறையை ஒளிவுமறைவின்றி எழுதியதைவிட, ஓர் ஆணின் ஆழ்ந்த பற்று மனைவியைத் தாண்டி ஒரு விலங்கிடம் போய்ச் சேர்வதை எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் எழுதியதே எனக்குப் பெரிய மீறலாகப் பட்டது.

முதல் வாசிப்பில் நான் முழுமையாக அலேன் பக்கம் இருந்தேன். அவன் வெளியே போயிருக்கும் வேளையில், பால்கனியில் காமீயும் சாஹாவும் ஒருவரையொருவர் கவனித்தபடி நெடுநேரம் உலவுகிறார்கள். கடைசியில் அவள் பூனையைக் கீழே தள்ளிவிடுகிறாள். கீழ்த்தளம் ஒன்றின் வெயில்மறைப்புத் துணி தாங்கியதால் சாஹா பிழைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கங்களில் எனக்குக் காமீய் மீது வந்த கோபம் கொஞ்சமல்ல. (என் வீட்டிலும் ஒரு பூனை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

மறுபடி வாசித்தபோதுதான் தொடக்கத்திலேயே உள்ள ஒரு சிறு காட்சி என்னை நிறுத்தியது. திருமணத்துக்கு முன்பே, சுவரில் விழுந்த காமீயின் நிழலைத்தான் அலேன் ரசிக்கிறான். சுவரில் அவள் அழகாக இருப்பதாகப் பாராட்டவும் செய்கிறான். உயிரோடு எதிரே நிற்கிறவளைவிட அவளுடைய நிழல் அவனுக்குச் சௌகரியமாக இருக்கிறது. அதைக் கவனித்த பிறகு, பால்கனியில் நடந்ததை மன்னிக்க முடியாவிட்டாலும், அதற்கு முன்பே அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

முடிவில் அலேன் பூனையோடு தாய்வீடு திரும்பிவிடுகிறான். காமீய் அங்கே வந்து பேசிப்பார்த்துவிட்டுக் கிளம்புகிறாள். அவன் சாய்ந்து படுத்தபடி, உள்ளங்கையைப் பூனைப் பாதம்போல் குழித்து, ஆகஸ்ட் மாதத்து முள்காய்களை உருட்டி விளையாடுகிறான். இந்தக் காட்சியை மனைவியிடம் விவரித்தபோது, "அவள் மனுஷியைப் போலப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்" என்றேன்.

"யார், காமீயா?" என்று கேட்டாள்.

"இல்லை, சாஹா."