மூன்று சத்தியங்கள்: சட்டமா, கதையா?

தணிகைமலையான்:
'இஸ்ரேலும் தீர்க்கதரிசனமும்' இழையில் ஒலிவமலை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கடவுளை நம்பும் எந்த யூதரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். 1948-ல் வந்த அரசு ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கின் நிறைவேற்றம். இரண்டாவது கருத்தே கிடையாது" என்று அடித்துச் சொல்கிறார்.

கிடையாதா? ரபிகள் என்னும் யூத மத ஆசான்களின் விவாதத் தொகுப்பான தல்மூதில், கெத்துபோத் என்ற பகுதியின் 111-ஆம் ஏட்டைப் பாருங்கள். உன்னதப்பாட்டில் "எருசலேமின் குமாரத்திகளே" என்று ஆணையிடும் வசனங்களை வைத்து ரபிகள் மூன்று சத்தியங்களை, அதாவது கடவுள் இடுவித்த ஆணைகளைச் சொல்கிறார்கள். இஸ்ரவேலர் மதில்போலத் திரண்டு தேசத்துக்கு ஏறிப் போகக்கூடாது. பிற இனங்களை எதிர்த்துக் கலகம் செய்யக்கூடாது. பிற இனங்களும் இஸ்ரவேலரை அளவுமீறி ஒடுக்கக்கூடாது. சத்மார் ஹசிதிகள் என்ற யூத பக்திப் பிரிவினர் இதைக் காட்டித்தான் இன்றுவரை அந்த அரசை ஏற்கவில்லை. அதன் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை, அதன் பணத்தைத் தொடுவதில்லை. இஸ்ரேல் அரசை மறுக்கும் இன்னொரு யூத பக்தர் குழுவான நெத்துரேய் கார்த்தா 1938-ல் எருசலேமிலேயே உருவானது. இவர்களெல்லாம் நாத்திகர்களா?

ஒலிவமலை:
அண்ணாச்சி, ஆதியாகமம் 17:8-ல கானான் தேசம் முழுவதையும் நித்திய சுதந்தரமா கொடுக்கேன்னு கர்த்தரே சொல்லியாச்சு. அதுக்கு மேல ஒரு ரபி சொன்ன கதையக் கொண்டுவந்து வைக்கீங்க. அந்த மூணு சத்தியமும் ஹலாகா இல்ல, வெறும் அகதா. சட்டம் இல்ல, கதை. பெரிய யூத அறிஞர் மைமோனிடிஸோட சட்டத் தொகுப்புல இருக்கா? யூதச் சட்ட நூலான ஷுல்கன் ஆருக்ல இருக்கா? இருந்தா காட்டுங்க.

தணிகைமலையான்:
அதே மைமோனிடிஸ் 1172 வாக்கில் யேமன் யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்தியங்களைச் சொல்லித்தான் எச்சரித்தார். அங்கே ஒருவன் தன்னை மேசியாவின் தூதன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்த நேரம். வெறும் கதையாக இருந்தால், ஆபத்தில் இருந்த ஒரு சமூகத்துக்கு அதைச் சொல்லி ஏன் எச்சரிக்க வேண்டும்?

ஆதியாகமத்தோடு நிறுத்திவிட்டீர்கள், லேவியராகமத்துக்கும் வாருங்கள். 25:23-ல் "தேசம் என்னுடையது" என்கிறார் கடவுள். இஸ்ரவேலரைப் பரதேசிகள், புறக்குடிகள் என்கிறார். 18:28-ல் அசுத்தப்படுத்தினால் தேசமே உங்களைக் கக்கிப்போடும் என்கிறார். நிபந்தனை இல்லாத பட்டாவா இது?

கடையநல்லூரான்:
சகோக்களே, குர்ஆன் 5:21-ல மூஸா நபி தன் சமூகத்தப் பார்த்து, அல்லாஹ் உங்களுக்கு விதிச்ச புனித பூமியில நுழையுங்கன்னு சொல்றாங்க. நாங்க அத மறைக்கல. ஆனா அவங்க மறுத்ததும் 5:26-ல 40 வருஷம் அந்த பூமி தடுக்கப்பட்டுச்சு. இப்ராஹீம் நபி தன் சந்ததிக்காகக் கேட்டப்ப, என் வாக்குறுதி அநியாயக்காரர்களச் சேராதுன்னு 2:124-ல பதில் வந்துச்சு. நிபந்தனை தெளிவா இருக்கு.

ஒலிவமலை:
பாய் வாயாலேயே வந்துட்டு! குர்ஆனே கொடுத்த பூமின்னு சொல்லுது.

கடையநல்லூரான்:
ஒரு வசனத்த எடுத்துக்கிட்டு அடுத்தத விட்டுட்டுப் போறது உங்க பழக்கம். சமாரியர் இழைலயும் இதத்தான் செஞ்சீங்க. அவங்க தவ்ராத்துல, அதாவது மோசேயின் வேதத்துல, எருசலேம் இல்ல, கெரிசீம் மலைதான் கடவுள் தேர்ந்தெடுத்த இடம்னு இருக்கேன்னு கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

மருதநிலம்:
தணிகை ஐயா பாதி ஏட்டைத்தான் படித்திருக்கிறார். அதற்கு முந்தைய ஏடு 110-ல், தேசத்துக்கு வெளியே வாழ்பவன் கடவுள் இல்லாதவனைப் போன்றவன் என்று இருக்கிறது. அடுத்த ஏடு 112-ல் ரபி ஸேரா தேசத்துக்குப் புறப்படுகிறார். ஆற்றைக் கடக்கப் படகு கிடைக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கடக்கிறார். அவருடைய ஆசிரியர் போகக்கூடாது என்றவர், அவருக்குத் தெரியாமல்தான் கிளம்பினார். நாக்மனிடிஸ் என்ற யூத அறிஞர் தேசத்தில் குடியேறுவதையே ஒரு கட்டளையாக எண்ணினார். 1267-ல் தாமே போனார்.

1920-ல் சான் ரெமோ மாநாட்டில் பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தாயகம் அமைய நாடுகள் ஒப்புதல் கொடுத்ததும், சத்தியத்தைப் பற்றிய பயம் நீங்கியது என்று எழுதியவர் த்வின்ஸ்க் நகரின் ரபி மெயிர் சிம்கா. அவர் யூத நாடு கேட்ட சியோனிசக் கட்சிக்காரர் அல்லர். மூன்றாவது சத்தியத்தை யார் மீறினார்கள்? 60 லட்சம் பேர் கொல்லப்பட்ட பிறகும் முதல் இரண்டை மட்டும் யூதர் காக்க வேண்டுமாம்.

தணிகைமலையான்:
இதற்கு சத்மார் ரபி யோயேல் டைட்டல்பாம் பதில் சொல்லிவிட்டார். மூன்றும் தனித்தனிச் சத்தியங்கள். எதிராளி தன்னுடையதை மீறினால் உன்னுடையது அவிழ்ந்துவிடாது. கடவுளிடம் செய்தது ஒப்பந்தம் அல்ல.

மருதநிலம்:
1944-ல் அந்த டைட்டல்பாமே ஹங்கேரியிலிருந்து தப்பியது எந்த ரயிலில்? சியோனிஸ்ட் காஸ்ட்னர் நாஜிகளிடம் பேரம் பேசிப் பெற்ற ரயிலில்.

தணிகைமலையான்:
ஒரு மனிதர் உயிர் பிழைத்ததை அவருக்கு எதிரான வாதமாக வைக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? அவர் எந்த ரயிலில் வந்தால் என்ன, சத்தியங்கள் அந்த ஏட்டில் இருக்கின்றன. அழிக்க முடியாது.

பனிமயம்:
ஒலிவமலை ஐயாவிடம் ஒரு கேள்வி. கலாத்தியர் 3-ல் பவுல், கிறிஸ்துவினுடையவர்களே ஆபிரகாமின் சந்ததி என்கிறாரே? 1904-ல் சியோனிசத் தலைவர் ஹெர்ஸல் வந்து ஆதரவு கேட்டபோது திருத்தந்தை பத்தாம் பியூஸ் ஆதரிக்க முடியாது என்றார். 1993 கடைசியில்தான் வத்திக்கான் இஸ்ரேலோடு தூதரக உறவுக்கு ஒப்புக்கொண்டது. இஸ்ரேலைப் பற்றிய உங்கள் போதனையோ 19-ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் பரப்பியது. பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் 2009-ல் பெத்லகேமில் வெளியிட்ட கைரோஸ் அறிக்கையில் அழுது கேட்டது உங்கள் காதில் விழவே இல்லை.

ஒலிவமலை:
ரோமர் 11:29 வாசிங்க. தேவனுடைய அழைப்பு மாறாதது. டார்பி பொறக்கதுக்கு முன்னாலயே பவுல் எழுதியாச்சு. போப்பு 1904-ல ஒண்ணு, 1993-ல ஒண்ணு. எங்களுக்கு வேதம் போதும்.

பனிமயம்:
திருத்தந்தையை இழுக்காமல் உங்களால் நாலு வரி எழுத முடியாது. பெத்லகேம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

தணிகைமலையான்:
இழை எங்கேயோ போகிறது. தேசத்தோடு யூதருக்கு உறவே இல்லை என்று நான் எங்கே எழுதினேன்? நாள்தோறும் தொழுகையில் எருசலேமை நோக்கி நிற்பவர்கள் அவர்கள். திஷா பேஆவ் என்ற துக்க நாளன்று இடிந்த எருசலேம் ஆலயத்துக்காகத் தரையில் உட்கார்ந்து அழுபவர்கள். சத்மார்காரரும் அழுகிறார். அந்த உறவை ஓர் அரசாங்கத்தின் சொத்தாக எழுதிக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். 1948-ல் தலைமை ரபிமார் அரசுக்காக எழுதிய ஜெபத்தில் 'மீட்பின் முதல் துளிர்' என்றார்கள். அதைச் சொல்ல மறுக்கும் பக்தர்களும் இருக்கிறார்கள். ஆக, இரண்டாவது கருத்து இருக்கிறது. ஒலிவமலை எழுதியது பொய்.

ஒலிவமலை:
பொய்யா? சட்டத் தொகுப்புல எந்த இடம்னு மொதல்லயே கேட்டேன். காட்டினீங்களா?

தணிகைமலையான்:
யேமன் கடிதம்.

ஒலிவமலை:
கடிதம் சட்டத் தொகுப்பு இல்ல அண்ணாச்சி.

மருதநிலம்:
அந்தக் கடிதத்திலும் அவர் சத்தியங்களை உவமையாகத்தான் சொல்கிறார். முழுதும் படித்துவிட்டு வாருங்கள்.

தணிகைமலையான்:
முழுதும் படித்தவன்தான். உவமையாகவே இருக்கட்டும், மீறாதீர்கள் என்றுதானே எழுதினார்? மதில்போல ஏறிப் போகக்கூடாது. கெத்துபோத் 111. நீங்கள் நூறு முறை மறுத்தாலும் நூற்றியோராவது முறையும் எழுதுவேன்.