புதுமண்டபத்துத் தையற்காரர்கள் இப்போது எங்கே?

கானாடுகாத்தான் பேரன்:
எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் மண்குதிரைகளைச் சுமந்து செல்லும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு இரண்டு தொம்பை (விட்டத்தில் தொங்கவிடும் குழல் போன்ற துணி அலங்காரம்) தைக்க வேண்டும். பழையவற்றை எலி கடித்துவிட்டது. ஐயா காலத்திலிருந்தே மதுரை புதுமண்டபத்தில்தான் தைத்து வாங்குவோம். போன வாரம் போய்ப் பார்த்தேன்; ஒரு தையல் இயந்திரம்கூட இல்லை. எங்கே போய்க் கேட்பது?

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, அவர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. கூப்பிடு தூரத்தில் குன்னத்தூர் சத்திரம் என்று மாநகராட்சிக் கடை வளாகம் இருக்கிறது. கடைகளை அங்கேதான் மாற்றினார்கள்.

புதுமண்டபம், வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. 124 தூண்கள். நடுவில் பாத்திரம், வளையல், புத்தகம், தையல் என்று தலைமுறை தலைமுறையாக வியாபாரம் நடந்தது. என் கல்யாணச் சாமான் வாங்க ஆத்தாளோடு போனபோது, ஒரு தையற்காரர் யாளியின் கால் இடுக்கில் நூற்கண்டைச் செருகி வைத்திருந்தார். பக்கத்துச் சிலையின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எனக்குச் சிரிப்பு, ஆத்தாளுக்குக் கோபம். ஆனாலும் பேரத்தை விடவில்லை.

அளவை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். விட்டத்துக் கொக்கியிலிருந்து தரைவரை அளந்து, அதில் ஓர் ஆள் உயரமும் ஒரு சாணும் கழித்துச் சொல்ல வேண்டும். நாங்கள் கழிக்காமல் சொல்லிவிட்டோம். தொம்பை சாமி தூக்கியவர்களின் முகத்தில் உரசி, ஒருவருக்குக் குஞ்சம் வாய்க்குள்ளேயே போய்விட்டது.

திருப்பத்தூர் பஸ்:
மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடியுங்கள். சித்திரை நெருங்கும்போது மட்டும் போகாதீர்கள். அழகர் திருவிழாவுக்கு வேடம் கட்டுகிறவர்களின் உடைகளைத் தைப்பதற்கே அவர்களுக்கு இரவும் பகலும் போதாது.

கல்தூண்:
கடைகள் வெளியேறியது நல்லதே. துணி மூட்டைக்குப் பின்னால் ஒரு சிற்பத்தையாவது முழுதாகப் பார்த்திருக்கிறோமா? 2018 பிப்ரவரியில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கடைப் பகுதியில் பற்றிய தீ வீரவசந்தராயர் மண்டபத்தை என்ன செய்தது என்று பார்த்தோமே.

பள்ளத்தூர் ஆச்சி:
அதை நான் மறுக்கவில்லை. துணியும் விளக்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் பயம்தான். ஆனால் புது இடத்தில் எனக்கு வழி தெரியவில்லை. முன்பெல்லாம் எந்தச் சிலைக்குப் பக்கத்துக் கடை என்று சொன்னால் போதும். இப்போது கடை எண் கேட்கிறார்கள்.

கானாடுகாத்தான் பேரன்:
நன்றி ஆச்சி. கொக்கியிலிருந்து தரைக்கு 11 அடி. சாமி தூக்குகிறவர்களில் என் தம்பிதான் உயரம், 6 அடி.

பள்ளத்தூர் ஆச்சி:
தலைப்பாகை கட்டுவானா என்று கேட்டுவிட்டுக் கழியுங்கள்.